பெரியவர்களைக் கட்டிலிலேயே உட்கார வைத்தால் விழமாட்டார்களா?

"அறுபது தாண்டியவர்களை நடமாட விடாதீர்கள், கட்டிலில் உட்கார்ந்திருந்தாலே இடுப்பு எலும்பு தப்பிக்கும்." தொண்டியிலிருந்து பாம்பன் வரை வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

நடக்காமல் இருந்தால் தொடைத் தசை தளரும், நிதானம் குறையும், அப்புறம் ஒரு நாள் கழிவறைக்கு எழுந்து போகும்போதுதான் விழுவார்கள். உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் அறுபது தாண்டியவர்களே அதிகம். அதனால் பயம் நியாயம்தான், ஆனால் மாற்ற வேண்டியது வீட்டை.

நம்ம கரையோர வீடுகளில் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து நடைவழி முழுக்கக் குடங்களை அடுக்கி வைத்திருப்போம், வாசலில் வலையும் கயிறும் கிடக்கும், காலோடு வரும் கடல் மணல் வழவழ டைல்ஸில் பரவும். அப்பத்தா தடுக்கினால் வயசு மேல் பழி! முதலில் வழியைக் காலி செய்யுங்கள்.

கழிவறையில் துண்டு போடும் கம்பியைப் பிடிமானமாக நம்பாதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது. தனிக் கைப்பிடியைச் சுவரில் துளையிட்டு இறுக்கமாகப் பொருத்துங்கள். உப்புக் காற்றில் சாதாரண இரும்புத் திருகாணி சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால், கைப்பிடி, திருகாணி இரண்டுமே 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், விலை கூடுதல்தான்.

ராத்திரி கரண்ட் போனால் தானே எரியும் விளக்கு ஒன்று கட்டில் பக்கம் வேண்டும். பிரஷர் மாத்திரை போடுகிற ஐயா சட்டென்று எழாமல், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழட்டும், அடிக்கடி தலை சுற்றினால் டாக்டரிடம் காட்டுங்கள்.