ஐ-20 யாருடைய காகிதம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் நான் வேலை பார்ப்பது உறவினர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி "எந்த யுனிவர்சிட்டியில் போடலாம்?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. ரேங்க் கேட்கிறார்கள், கட்டணம் கேட்கிறார்கள், பகுதிநேர வேலை கிடைக்குமா என்றும் குளிர் தாங்குமா என்றும் கேட்கிறார்கள். வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பல்கலைக்கழகம் அரசிடம் என்ன அனுமதி பெற்றிருக்கிறது, அந்த அனுமதிக்கு ஏதேனும் நேர்ந்தால் பிள்ளையின் கதி என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வங்கிக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்பதால் இந்தப் பதிவு.

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் எஃப்-1 என்ற மாணவர் விசா நாட்டுக்குள் நுழைவதற்கானது மட்டுமே. உள்ளே வந்தபின் ஒரு மாணவர் சட்டப்படி இங்கே இருக்கிறாரா இல்லையா என்பதை முடிவு செய்வது ஐ-20 என்ற படிவமும், அதற்குப் பின்னால் செவிஸ் என்ற அரசுக் கணினித் தொகுப்பில் அவர் பெயரில் இருக்கும் பதிவும்தான். அந்தப் படிவத்தை வழங்குவது தூதரகம் அன்று, கல்வி நிறுவனம். அதை வழங்கும் உரிமைக்காக அந்த நிறுவனம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் ஐ-17 என்ற விண்ணப்பத்தைக் கொடுத்துச் சான்று பெற வேண்டும்; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்; செவிஸில் கைவைக்கத் தகுதியுள்ள அலுவலர்களை நியமிக்க வேண்டும். டி.எஸ்.ஓ. என்று அழைக்கப்படும் அந்த அலுவலர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும் என்பது விதி. நான் மாணவனாக வந்து, கிரீன் கார்டு கிடைத்த பிறகுதான் இந்த நாற்காலியில் உட்கார முடிந்தது. காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மாணவரைப் பிடித்து வருவதையே முக்கிய வேலையாகக் கொண்டவர் டி.எஸ்.ஓ. ஆகக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் ஹைதராபாத் அமீர்பேட்டிலும் சென்னை அண்ணா நகரிலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கன்சல்டன்சிக்காரரை அந்த விதி தொடுவதில்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு: 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்தவர்களில் ஒருவர் மாணவர் விசாவில் வந்து, படிப்பைக் கைவிட்டபின் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தவர். மாணவர்களைக் கண்காணிக்கக் கணினித் தொகுப்பு வேண்டுமென்று 1996இல் சட்டம் வந்தது, செயலுக்கு வரவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலில் ஈடுபட்டவர்களில் ஒருவர், ஆங்கிலம் படிக்கப் போவதாக மாணவர் விசாவில் நுழைந்து, அந்த வகுப்புப் பக்கமே போகாதவர். தாக்குதல் முடிந்து ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில், இறந்துபோன இரண்டு கடத்தல்காரர்களின் மாணவர் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக ஃபுளோரிடாவின் விமானப் பயிற்சிப் பள்ளிக்குக் குடியேற்றத் துறையின் கடிதம் போய்ச் சேர்ந்தது. அந்த அவமானத்திற்குப் பிறகு 2003இல் செவிஸ் கட்டாயமானது. சேர்த்துக்கொண்டவரே கணக்குச் சொல்லட்டும் என்ற ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை.

கணக்குத் தவறும்போது யார் தலையில் விடிகிறது என்பதில்தான் என் வருத்தமெல்லாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் முதுகலை படித்த ஒரு தமிழ் மாணவர், ஒரு பாடம் கடினமாக இருக்கிறது என்று தன் துறை ஆலோசகரிடம் போயிருக்கிறார். மதிப்பெண் சராசரி கெட வேண்டாம், அந்தப் பாடத்தை விட்டுவிடு என்று அந்தப் பேராசிரியர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார். உள்ளூர் மாணவருக்கு அது சரியான அறிவுரை. எஃப்-1 மாணவரோ முழுப் பாடச்சுமையிலிருந்து குறைவதாக இருந்தால், குறைப்பதற்கு முன்பே டி.எஸ்.ஓ.வின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். படிப்புச் சிரமம் என்ற காரணத்திற்காக ஒரு பட்டப்படிப்புக் கட்டத்தில் ஒரே ஒருமுறை அந்த அனுமதியை என்னால் தர முடியும். அவர் கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டுமென்று அந்தப் பேராசிரியருக்கும் தெரியவில்லை. எங்கள் பட்டியலில் அது தென்பட்டபோது அனுமதிக்கான வாசல் மூடிவிட்டிருந்தது. இத்தகைய மீறலை 21 நாட்களுக்குள் செவிஸில் பதிய வேண்டும். நான்தான் பதிந்தேன். அதோடு அவருடைய மாணவர் அந்தஸ்து போனது.

அவருடைய அப்பா கரூரிலிருந்து அழைத்தார். மகனின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவருடைய கல்விப் பதிவு பற்றிப் பெற்றோரிடம்கூடப் பேச இந்நாட்டுத் தனியுரிமைச் சட்டம் என்னை விடாது. அதைத் தமிழில் ஒரு தகப்பனிடம் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கல்நெஞ்சமாக ஒலிக்கும் என்று தெரியும். அவர் கோபப்படவில்லை. "சரிங்க சார், பையனைப் பத்திச் சொல்ல வேண்டாம். அவங்க வாத்தியார்தானே விடச் சொன்னாரு, அப்ப காலேஜுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பேராசிரியருக்கு ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போனது.

எங்கள் நிறுவனம் நேர்மையானது, நடந்தது கவனக்குறைவு. நேர்மையே இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்குக் கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் சாட்சி. 30 மாணவருக்கு அனுமதி வாங்கிய அந்த நிறுவனம், 2010 இறுதிக்குள் 1,500க்கும் மேற்பட்டோருக்கு ஐ-20 வழங்கியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள், குறிப்பாக அன்றைய ஆந்திரப் பிரதேசத்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களின் முகவரியாக சன்னிவேல் நகரத்தின் ஒரே அடுக்கக வீடு செவிஸில் பதிவாகியிருந்தது. பதிவு அரசின் கணினியிலேயே இருந்தும், 2011 ஜனவரியில் சோதனை நடக்கும்வரை அந்த வாசல் திறந்தேதான் கிடந்தது. அதன்பின் சில மாணவர்களின் காலில் கண்காணிப்புப் பட்டை கட்டப்பட்டு, இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. நிறுவனர் 2014இல் பதினாறரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மிச்சிகனின் ஃபார்மிங்டன் கதை இன்னும் கசப்பானது. அது விசா மோசடியைப் பிடிக்க அரசே நடத்திய போலிப் பல்கலைக்கழகம். ஆசிரியர் கிடையாது, வகுப்பு கிடையாது. ஆனால் அரசின் சான்று பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 12,000 டாலர் கட்டணமும் வாங்கினார்கள். 2019 ஜனவரியில் வலையை இழுத்தபோது சிக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். வேலை செய்வதற்காகத் தெரிந்தே சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்து நம்பியவர் வேறு எதைப் பார்த்திருக்க முடியும்? கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கை நடத்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்வதற்கு 2024 ஜூன் ஆயிற்று.

இந்த ஏற்பாட்டுக்கான செலவையும் பாருங்கள். ஒவ்வொரு மாணவரும் செவிஸ் கட்டணமாக 350 டாலர் கட்டுகிறார். ஆயிரக்கணக்கில் மாணவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகமோ, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கக் கட்டுவது 1,250 டாலர். அதாவது நான்கு மாணவர் கட்டுவதைவிடக் குறைவு.

2025ஆம் ஆண்டு, நல்ல கல்லூரி என்ற நம்பிக்கையும் போதாது என்று காட்டிவிட்டது. ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அரசே நேரடியாக முடித்தது. எங்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. காலையில் வந்தவுடன் பட்டியலைத் திறந்து, நேற்றிருந்த பெயர்கள் இன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தோம். நீதிமன்றங்கள் வரிசையாகத் தடுத்தபின் மாதக் கடைசியில் பதிவுகளை மீட்டுத் தந்தார்கள். அடுத்து மே 22 அன்று ஹார்வர்டின் சான்றையே ரத்து செய்தார்கள். அங்கிருந்த சுமார் 6,800 வெளிநாட்டு மாணவர்களும் வேறிடத்திற்கு மாற வேண்டும், இல்லையேல் சட்டபூர்வ அந்தஸ்தை இழப்பார்கள் என்பது அறிவிப்பு. மறுநாளே நீதிபதி தடை விதித்தார். சண்டை பல்கலைக்கழகத்திற்கும் அரசுக்கும். பெட்டி கட்டச் சொன்னது மாணவரை.

பிரிட்டனில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமத்தை இழந்த நிறுவனத்தின் மாணவருக்கு வேறிடம் தேட வழக்கமாக 60 நாள் தருகிறார்கள். 2012இல் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் உரிமத்தை இழந்தபோது 2,000க்கும் மேற்பட்டோர் அந்த நெருக்கடியைச் சந்தித்தனர். 60 நாள் போதாது என்பதே என் கருத்து. நிறுவனத்தின் தவறால் சான்று போனால், நடப்புக் கல்வியாண்டை முடிக்கும்வரை மாணவரின் அந்தஸ்து தொடரும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். நிறுவன அலுவலரின் தவறான அறிவுரையால் ஏற்பட்ட மீறலை, அந்த நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டால், செவிஸில் திருத்த டி.எஸ்.ஓ.வுக்கு அதிகாரம் வேண்டும். இப்போதைக்கு மாணவரே அந்தஸ்தை மீட்டுத் தரக் கோரி ஐ-539 என்ற விண்ணப்பத்தைப் போட்டு, தீர்ப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டு வெளியேறி, புது ஐ-20யோடும் மீண்டும் கட்டிய 350 டாலரோடும் திரும்ப வேண்டும். கரூர்ப் பையன் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, சென்னை ஜெமினி மேம்பாலத்தின் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மறுபடி விசா வரிசையில் நின்று, ஒரு பருவத்தை இழந்து வந்து பட்டத்தை முடித்தார்.

ஐ-20 கைக்கு வந்துவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் இப்போது மூன்று விஷயங்களைத்தான் விசாரிக்கச் சொல்கிறேன். வாரத்தில் எத்தனை நாள் நேரடி வகுப்பு நடக்கிறது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே சி.பி.டி.யில், அதாவது படிப்பின் அங்கமாக அனுமதிக்கப்படும் வேலைப் பயிற்சியில், வேலை செய்யலாம் என்று ஆசை காட்டுகிறார்களா; டி.எஸ்.ஓ.வுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு மனிதர் பதில் எழுதுகிறாரா. நான் வழக்கறிஞர் அல்லன், சிக்கலில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரையே பாருங்கள். பொதுவான ஐயங்களைக் கீழே கேட்கலாம். ஆனால் செவிஸ் எண்ணையோ பாஸ்போர்ட் எண்ணையோ இங்கே பதிவிட்டுவிடாதீர்கள். மாணவர் விசா கேட்பவர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்லி 2025 ஜூனிலிருந்து பார்க்கிறார்கள்.