ஏழாவது வளைவில் போன சிக்னல்

காணும் பொங்கலன்று அக்கா குடும்பத்தோடு ஏற்காடு ஏறினோம். அன்றைக்கு மலைப்பாதையில் வண்டி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். ஜன்னலுக்கு வெளியே சேலம் மொத்தமும் கீழே விரிந்து கிடக்கிறது, பின்சீட்டில் அக்கா பையன் போனில் ஒரு கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். காலேஜ் இரண்டாம் வருஷம். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய்விட்டது. "மாமா, வண்டியத் திருப்புங்க மாமா, கீழ போயிட்டு வந்துரலாம்" என்றான். அழாத குறை. திருப்புவதற்கு அங்கே ஏது இடம்?

ஒண்டிக்கடை வந்து டீ குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

டிஸ்கார்ட் என்கிற அரட்டை ஆப்பில் ஒரு குழுவாம், எண்ணூறு பேர். கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் துப்பாக்கி மேல் ஒட்டுகிற பழைய ஸ்டிக்கர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் ஒரே ராத்திரியில் வாங்குவார்கள். அந்த ஸ்டிக்கர் இனிமேல் புதிதாக வராது. ஒட்டிவிட்டால் திரும்பப் பெயர்த்து விற்கவும் முடியாது. ஆக சந்தையில் இருப்பு குறைந்துகொண்டேதான் போகும். அதை எண்ணூறு பேர் சேர்ந்து வழித்தெடுத்தால் விலை எகிறும். எகிறியதைப் பார்த்து வெளியாள் ஓடி வருவான், அவன் தலையில் கட்டிவிடலாம். இதுதான் திட்டம். இவன் தீபாவளிக்குச் சேர்ந்த காசில் 60 ரூபாய் வீதம் நாற்பது வாங்கியிருக்கிறான். 2,400 ரூபாய். விலை 95 வரை போயிருக்கிறது. மலை உச்சியில் சிக்னல் திரும்பி வந்தபோது 52.

"சிக்னல் மட்டும் இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன் மாமா."

எனக்கு அதில்தான் சந்தேகம். வாங்கின அன்றைக்கே விற்றிருக்கலாமே என்றேன். முடியாதாம். இந்தப் பொருட்களெல்லாம் கைமாறுவது ஸ்டீம் என்கிற விளையாட்டுத் தளத்தின் சந்தையில். அங்கே வாங்கின பொருளை ஏழு நாளைக்கு விற்க முடியாது. அந்த ஏழு நாள் முடிந்தது காணும் பொங்கலன்று மதியம். அப்படியென்றால் குழுத்தலைவர்கள் எப்போது வாங்கினார்கள்? அறிவிப்புக்கு முன்னாடியே. அவர்களுடைய ஏழு நாள் பூட்டு முன்னாடியே திறந்துவிட்டது. இவன் உட்பட எண்ணூறு பேரும் வாங்கிக்கொண்டிருந்த அதே ராத்திரி, விற்றுக்கொண்டிருந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். வெளியாள் வந்து மாட்டுவான் என்று இவர்கள் காத்திருந்தார்கள். வரவேண்டிய வெளியாட்கள் எண்ணூறு பேரும் ஏற்கெனவே குழுவுக்குள்தான் இருந்தார்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுப் பொருட்களுக்கு அந்தச் சந்தையில் கமிஷன் 15 சதவீதம். வாங்குகிறவன் 115 கொடுத்தால் விற்றவனுக்கு 100. அதாவது 60-க்கு வாங்கினதை 69-க்கு விற்றால்தான் கை நஷ்டம் இல்லாமல் வெளியே வரலாம். வந்த காசும் ஸ்டீம் வாலட்டிலேயே கிடக்கும், பேங்குக்கு எடுக்க முடியாது. இதற்குத்தான் அத்தனை பதற்றம்.

இவனை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. 2009-இல் ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ரூன்ஸ்கேப் விளையாடினவன் நான். அந்த விளையாட்டில் 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு சந்தை திறந்தார்கள். அப்போதெல்லாம் குறித்த விலையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றியோ இறக்கியோ அங்கே விற்க முடியாது. நடந்த வியாபாரத்தை வைத்துக் குறித்த விலை மெல்ல நகரும். ஏமாற்றைத் தடுக்கும் வேலி மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒரு கூட்டம் சேர்ந்து தினமும் உச்ச விலைக்கே கேட்டால் குறித்த விலை படி ஏறுகிற மாதிரி ஏறும். அதற்கென்றே குழுக்கள் இருந்தன. நான் சேர்ந்த குழுவில் முதல் தடவை மாட்டிக்கொண்டேன். கவசம் ஒன்று, மூட்டை மூட்டையாகக் கையில் நின்றது. இரண்டாம் தடவை தலைவருக்கு விளையாட்டுத் தங்கம் கட்டி 'முன்வரிசை'க்குப் போனேன். முன்வரிசைக்கு ஒரு நாள் முன்னாடியே பொருளின் பெயர் தெரியும். நல்ல லாபம்.

அந்த லாபம் யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். போன மாசத்து நான்தான் கொடுத்தேன், வேறு வேறு பெயரில். அந்தச் சந்தையில் வாங்குகிறவன் பெயர் தெரியாது. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

"நாங்க யாரையும் ஏமாத்தலையே மாமா, விலை போட்டிருக்கு, பிடிச்சா வாங்கறான்" என்றான் பையன். 2009-இல் நானும் இதையேதான் சொன்னேன். 95 ரூபாய் என்று ஒருத்தன் பார்க்கும்போது, முன்பின் தெரியாத நிறைய பேருக்கு இது வேண்டியிருக்கிறது, அதனால்தான் ஏறியிருக்கிறது என்று நம்பித்தான் வாங்குகிறான். அந்த நம்பிக்கையை நாம் உட்கார்ந்து தயாரித்திருக்கிறோம். பங்குச் சந்தையில் இதைச் செய்தால், அதைக் கண்காணிக்கிற செபி கதவைத் தட்டும். விளையாட்டு என்பதால் யாரும் தட்டவில்லை.

ஈவ் ஆன்லைன் மாதிரி விளையாட்டுகளும் உண்டு, மறுக்கவில்லை. அங்கே ஏமாற்றுவது, துரோகம் செய்வது எல்லாமே ஆட்டத்தின் பகுதி. உள்ளே வருகிற எல்லோருக்கும் அது தெரியும், அதனால் அங்கே நியாயம் வேறு. அந்த நிறுவனம் 2007-இல் சம்பளம் கொடுத்து ஒரு பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தது. (நம்ம ஊர் காய்கறி மார்க்கெட்டுக்கு ஒருத்தரைப் போட்டால் தேவலை.) அப்படிப்பட்ட இடத்திலேயே 2012-இல் ஒரு சிறு கூட்டம், உபயோகமில்லாத பொருளைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி வாங்கி விலையைத் தூக்கி, அந்த விலையை வைத்து விளையாட்டு தருகிற வெகுமதியைக் கறந்தபோது, நிறுவனம் அதைப் பறிமுதல் செய்தது.

இதில் உள்ள அபாயமே அதுதான். ஆடுகிற பலகை நம்முடையது இல்லை, விதியும் நம் கையில் இல்லை. 2025 அக்டோபரில் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு விதியை மாற்றினார்கள்: துப்பாக்கிக்கு மாட்டுகிற அலங்காரத் தோற்றத்துக்கு ஸ்கின் என்று பெயர்; அதில் உயர்ந்த ரகச் சிவப்பு ஐந்தைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ கிடைக்கும். கத்தியை முதலீடாக வாங்கி வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் குப்புற விழுந்தார்கள். மொத்தச் சந்தையில் சுமார் 200 கோடி டாலர் மதிப்பு கரைந்ததாகச் செய்தி வந்தது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. எக்ஸ்சேஞ்ச் நடுவிலே விதியை இறுக்கியது. மார்ச் 27-ஆம் தேதி விலை 11 டாலருக்கும் கீழே.

மலை இறங்கி அம்மாபேட்டையில் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். ஆத்தூர் பக்கம் சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை நடத்தினவர். குச்சிக் கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுகிற காலம் முழுக்கப் பார்த்தவர். 1981-இல் சேகோசர்வ் என்கிற ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் வருவதற்கு முன்னால் ஜவ்வரிசி மூட்டையை எடுத்துக்கொண்டு போனால், நாலு வியாபாரிகள் முதல் நாளே டீக்கடையில் பேசி வைத்த விலைதான் கிடைக்குமாம். "சிண்டிகேட்டு" என்பார், வாயில் புளிப்பு வந்த மாதிரி. அதற்குப் பிறகு ரகசிய டெண்டர் வந்தது, அடுத்தவன் என்ன எழுதினான் என்று தெரியாமலே ஒவ்வொருத்தரும் விலை எழுதவேண்டும். "அவன் விலையை அமுக்கினான், உங்க ஆளு தூக்கறான். வேல ஒண்ணுதான்" என்றார்.

ஸ்டிக்கர் என்றால் என்னவென்று அவருக்குப் புரியவில்லை, புரியவைக்க நாங்களும் மெனக்கெடவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ வாங்கறதுக்கு முந்தின நாள், உன்ற தலைவரு கையில சரக்கு எவ்வளவு இருந்துச்சு சாமி?"

பையனிடம் பதில் இல்லை. குழுவில் கேட்கிறேன் என்றான். கேட்டிருக்கிறான். ஒரு நாள் பேச விடாமல் முடக்கி வைத்தார்களாம்.

நாற்பது ஸ்டிக்கரும் இன்னும் அவன் கையில்தான் இருக்கின்றன. போன வாரம் போன் செய்தான். அதே குழுவில் இப்போது 'முன்வரிசை' திறந்திருக்கிறார்களாம், ஐநூறு ரூபாய் கட்டினால் ஒரு நாள் முன்னாடியே பெயர் தெரியும். "நீங்களே கட்டித்தான லாபம் பாத்தீங்க மாமா, ஒரு ஐநூறு ஜிபே பண்ணுங்க" என்கிறான். என் 2009 கதையை அவனிடம் சொன்னது நான்தான்.