சட்டம் முதலில், கோடரி அப்புறம்

"கேரி நேஷன் என்ற பெண்மணி கோடரியால் மதுக்கடைகளை அடித்து நொறுக்கினார், அதனால்தான் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மதுவிலக்கு வந்தது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கதை தலைகீழ்.

கான்சாஸ் மக்கள் 1880-லேயே வாக்களித்து மதுவிலக்கை மாநில அரசியலமைப்பில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த வருஷமே நடைமுறைக்கும் வந்தது. அந்த அம்மா கயோவா என்ற சிற்றூரில் கடைகளை உடைத்தது 1900 ஜூனில். அதுவும் கோடரியால் இல்லை. கற்களைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, குதிரை வண்டியில் எடுத்துப்போய் வீசினார். கோடரி பிற்பாடு வந்தது.

அப்படியானால் எதை உடைத்தார்? சட்டப்படி இருக்கவே கூடாத கடைகளை! இருபது வருஷமாகச் சட்டம் ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள். "இது கள்ளக்கடை, இதை உடைத்தால் எப்படிக் குற்றம்?" என்பதுதான் அவர் வாதம். கயோவாவில் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் அவரை விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் விசிட்டா நகரின் கேரி ஹோட்டலில், குளிக்கும் கிளியோபாட்ரா ஓவியத்தின் மேல் கல்லெறிந்தபோது மட்டும் சிறைதான்.

இன்னொன்று. அவர் கான்சாஸில் பிறந்தவரும் இல்லை, கென்டக்கிக்காரர். முதல் கணவர் குடியால் சீரழிந்தவர். கோபம் அங்கிருந்து கிளம்பியது. அபராதம் கட்டவும் பயணச் செலவுக்கும் உடையில் குத்திக்கொள்ளும் குட்டிக் கோடரி வடிவ ஊசிகள் விற்றார் (விவரமான ஆள்தான்).