எதிராளியை இழந்த வாசகங்கள்

பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் அட்டையில், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கி நிற்கும் அரசச் சின்னத்தில் இரண்டு வாசகங்கள் உள்ளன, இரண்டுமே பிரெஞ்சு. கீழே உள்ள பட்டையில் இருப்பது ‘தியூ எ மோன் துருவா’, அதாவது ‘கடவுளும் என் உரிமையும்’. கேடயத்தைச் சுற்றி ஓடுவது ‘ஒனி சுவா கி மால் இ பான்ஸ்’, ‘இதைத் தவறாக நினைப்பவன் வெட்கப்படட்டும்’. இப்படிப்பட்ட இடைக்கால வாசகங்களை அழகான கோட்டைப் படங்களின் மேல் பொறித்து, வீரர்களின் அறநெறி என்றும் தன்னம்பிக்கை வரிகள் என்றும் பகிர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இவற்றுள் புகழ்பெற்ற பலவும் ஊருக்குச் சொன்ன உபதேசங்கள் அல்ல. எதிரே நின்ற ஒரு குறிப்பிட்ட ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்னவை. அந்த ஆள் யார் என்று தெரியாமல் படித்தால் பாதிதான் படித்ததாகும்.

முதல் வாசகத்தின் வேர் பெரும்பாலும் 1198 செப்டம்பரில் நடந்த ஜிசோர் சண்டையில் தேடப்படுகிறது. இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு, பிரான்சின் இரண்டாம் பிலிப்பை அங்கே விரட்டியபோது, பின்வாங்கிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் பாலம் இடிந்தது. டர்ஹாம் ஆயருக்கு எழுதிய கடிதத்தில், பிரெஞ்சு மன்னர் ஆற்று நீரைக் குடித்தார் என்று ரிச்சர்டு நையாண்டியாகத் தெரிவித்துவிட்டு, இதைச் செய்தது நாமல்ல, நம் வழியாகக் கடவுளும் நம் உரிமையுமே என்று முடிக்கிறார். பணிவாகத் தோன்றும் அந்த வரி, ஆற்றில் விழுந்து எழுந்த பகைவனைப் பார்த்துச் சொன்னது என்பது தெரிந்தவுடன் அதன் தொனியே மாறிவிடுகிறது. இது நிலையான அரச வாசகமாக ஆனது ஐந்தாம் ஹென்றியின் காலத்தில் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரான்சின் அரியணையே தனக்குரியது என்று படையெடுத்துப் போன ஹென்றிக்கு அது பொருத்தமான வாசகம்தான்.

இரண்டாவது வாசகத்துக்குச் சொல்லப்படும் கதை எல்லோரும் அறிந்தது. நடனத்தின்போது ஒரு சீமாட்டியின் காலுறைப்பட்டி அவிழ்ந்து விழ, மூன்றாம் எட்வர்டு அதை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டு, சிரித்தவர்களைப் பார்த்து இப்படிச் சொன்னாராம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இந்த வாசகத்தைத் தாங்கிய கார்ட்டர் வீரர் அணி (கார்ட்டர் என்றால் காலுறைப்பட்டி) தோன்றி நூறாண்டுக்கு மேல் கடந்த பிறகே இந்தக் கதை எழுத்தில் தலைகாட்டுகிறது. எட்வர்டு 1340 ஜனவரியில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் தன்னைப் பிரான்சின் மன்னராக அறிவித்து, தன் சின்னத்தில் பிரெஞ்சு அல்லி மலர்களைச் சேர்த்துக்கொண்டவர். 1346இல் கிரெசியில் பிரெஞ்சுப் படையை வென்று, அடுத்த ஆண்டே பிரான்சின் கலே துறைமுகத்தைப் பிடித்து, 1348 வாக்கில் இந்த அணியை நிறுவினார். கிரெசியில் போரிட்ட பலர் அதன் முதல் உறுப்பினர்கள். இங்கிலாந்தின் சின்னம் சிவப்பும் பொன்னும். இந்த அணியின் அடையாளமான காலுறைப்பட்டியோ பிரெஞ்சு அரசச் சின்னத்தின் நீலமும் பொன்னும். ஆகவே ‘இதை’ என்று அவர் சுட்டியது பிரெஞ்சு அரியணை மீதான தன் உரிமைக்கோரிக்கையை என்ற ஆய்வாளர்களின் விளக்கமே எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

அன்றைய இங்கிலாந்து அரசவையின் மொழியே பிரெஞ்சுதானே, இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், நீதிமன்ற வழக்காடலை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்ன 1362ஆம் ஆண்டுச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. ஆனால் அதே எட்வர்டு விளையாட்டுப் போட்டிகளுக்கான அங்கியிலும் கேடயத்திலும் வெள்ளை அன்னத்தைக் கூவி அழைக்கும் ஒரு துள்ளலான வரியை ஆங்கிலத்தில் பொறித்துக்கொண்டார். கொண்டாட்டத்துக்கு ஒரு மொழியும் உரிமைக்கோரிக்கைக்கு வேறொரு மொழியும் அவரிடம் இருந்தன.

எதிராளியை நேரடியாகக் காட்டும் வாசகங்கள் பிரான்சுக்குள்ளேயே இருக்கின்றன. ஆறாம் சார்லஸ் மன்னர் மனநலம் குன்றியிருந்த காலத்தில், அதிகாரத்துக்காக அவருடைய தம்பி ஓர்லியான் கோமகன் லூயியும், சித்தப்பா மகன் பர்கண்டி கோமகன் ஜானும் மோதிக்கொண்டார்கள். லூயி தன் சின்னமாக முண்டும் முடிச்சுமான ஒரு தடியை எடுத்துக்கொண்டு, ‘ஜ லான்வி’ என்று எழுதினார். சூதாட்டத்தில் பந்தயத்துக்கு அழைப்பவன் சொல்லும் பேச்சு அது. ஜான் ‘இக் ஹவ்’, அதாவது ‘ஏற்றேன்’ என்று பிளெமிய மொழியில் பதில் கொடுத்ததோடு நில்லாமல், தன் சின்னமாகத் தச்சரின் இழைப்புளியைத் தேர்ந்தெடுத்தார். தடியின் முடிச்சுகளைச் சீவித் தள்ளுவேன் என்பது எழுத்தறியாதவனுக்கும் விளங்கியிருக்கும். பொன்னால் செய்த சிறு இழைப்புளிகளை அவர் தம் ஆதரவாளர்களுக்குப் பரிசாகவும் வழங்கினார். மிரட்டலை நகையாக்கி அணியச் செய்த அந்த நயத்தை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. 1407 நவம்பர் 23 இரவு, அரசியின் மாளிகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த லூயியை ஜானின் ஆட்கள் பாரிஸ் தெருவில் வெட்டிக் கொன்றார்கள். முடிச்சுத் தடி இழைக்கப்பட்டுவிட்டது என்று பாரிஸ்வாசிகள் பேசிக்கொண்டார்களாம்.

லூயியின் மனைவி வாலென்டினா விஸ்கோன்டி நீதி கேட்டுப் பாரிசுக்கு வந்தார், கிடைக்கவில்லை. அதன்பின் அவருக்குரியதாக நினைக்கப்படும் வாசகம், ‘எனக்கு இனி எதுவுமில்லை, எதுவும் எனக்கு ஒரு பொருட்டுமில்லை’ என்பது. 1408 டிசம்பரில் புளுவாவில் அவர் இறந்தார். ஜானின் கணக்கு 1419 செப்டம்பர் 10 அன்று மோன்தரோ பாலத்தில் தீர்ந்தது. பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் பட்டத்து இளவரசரின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். அதன் விளைவாகப் பர்கண்டி ஆங்கிலேயரோடு சேர்ந்தது.

ஜானின் மகன் பிலிப் 1430 ஜனவரியில் போர்ச்சுகலின் இசபெல்லாவை மணந்த சில நாட்களிலேயே, புரூஜ் நகரில் பொன் ஆட்டுத்தோல் வீரர் அணியைத் தொடங்கினார். அப்போது அவர் ஏற்ற வாசகம் ‘வேறொருத்தியைக் கொள்ளேன்’. அதற்குப் பிறகும் அவருக்கு வேறு பெண்களிடம் பிள்ளைகள் பிறந்தார்கள் என்பதால் இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

எனினும் ஒன்றைப் பேசியே ஆக வேண்டும். இன்று விசுவாசத்தின் மேற்கோளாக மிகுதியாகப் பகிரப்படுவது மூன்றாம் ரிச்சர்டின் ‘லுவாயொத்தே ம லி’, ‘விசுவாசம் என்னைப் பிணைக்கிறது’. பிரிட்டிஷ் நூலகத்தில் 1483ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தோல்துண்டு இருக்கிறது. அதில் மூவரின் கையெழுத்துகள் உள்ளன. மேலே பன்னிரண்டு வயது மன்னர் ஐந்தாம் எட்வர்டு. அவருக்குக் கீழே, இந்த வாசகத்தை எழுதிக் கையொப்பமிட்டிருக்கும் அவருடைய சித்தப்பா, அப்போது குளோஸ்டர் கோமகனாக இருந்த ரிச்சர்டு. அதற்கும் கீழே ‘என்னை அடிக்கடி நினைவில் கொள்க’ என்று பொருள்படும் தன் வாசகத்தோடு பக்கிங்ஹாம் கோமகன் ஹென்றி. அதே ஆண்டு ஜூலை 6 அன்று ரிச்சர்டு முடிசூடினார். லண்டன் கோபுரக் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த சிறுவன் எட்வர்டு அதற்குப் பிறகு வெளியே தென்படவில்லை. ரிச்சர்டுக்கு எதிராகக் கிளம்பிய பக்கிங்ஹாமின் தலை நவம்பர் 2 அன்று சால்ஸ்பரியில் துண்டிக்கப்பட்டது. சிறுவனைக் கொன்றது யார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. நான் அதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நடுவில் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து எடுத்து விசுவாசத்தின் இலக்கணம் என்று பகிர்பவர்கள், மேலேயும் கீழேயும் உள்ள இரண்டு பெயர்களையும் சேர்த்தே பகிர வேண்டும்.