முடக்கப்பட்ட பொத்தான் யாருக்கு உதவுகிறது?
இணையப் படிவம் முழுமையாக நிரம்பும்வரை ‘சமர்ப்பி’ பொத்தானை முடக்கி வைப்பதே பயனரைப் பிழையிலிருந்து காக்கும் என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. முடக்கப்பட்ட பொத்தான் எந்தப் புலத்தில் (நிரப்ப வேண்டிய கட்டத்தில்) என்ன தவறு என்பதைச் சொல்வதில்லை. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் ‘டிசேபிள்டு’ (முடக்கப்பட்டது) பண்பைச் சேர்த்துவிட்டால் டேப் விசையால் அதை அடையவும் முடியாது என்பதால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பிப் படிவத்தை நிரப்புபவர் அப்படியொரு பொத்தான் இருப்பதையே அறியாமல் போகக்கூடும். அதன் மங்கலான எழுத்துகளும் சிக்கலே: சாதாரண எழுத்துகளுக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டைக் கோரும் டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல்தன்மை நெறிமுறை, செயலற்ற பொத்தான்களுக்கு விலக்கு அளித்திருப்பதால், அவை படிக்கக் கடினமாக இருந்தாலும் விதிமீறல் ஆகாது. நான் பராமரிக்கும் படிவங்களில் பொத்தான் எப்போதும் இயங்கும். அழுத்தியதும் பிழையுள்ள முதல் புலத்துக்குப் பயனரை அழைத்துச் சென்று, திருத்த வேண்டியதை அதனருகிலேயே எழுத்தில் காட்டும். கட்டணம் இருமுறை செலுத்தப்படாதிருக்க, அழுத்திய பின் தற்காலிகமாக முடக்குவதை மட்டும் ஏற்கலாம்.