ட்ரெயின் யூ டர்ன் போட்டுச்சுங்க

ஆமா, எலெக்ட்ரிக் ட்ரெயின்தான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன், ஆப்ல.

பல்லாவரம் ஸ்டேஷன், காலையில 8.42 வண்டி. அதே ஆப்தான், உங்க போன்லயும் இருக்கும், வண்டி எங்க வருதுன்னு பயணிகளே பயணிகளுக்குச் சொல்றாங்கன்னு பீத்திக்குமே, அது. வண்டி குரோம்பேட்டையில இருக்குன்னு காட்டுது. சரி அடுத்த ஸ்டேஷன்தானேன்னு பையை முன்னாடி மாட்டிக்கிட்டு சண்டைக்கு ரெடியா நிக்கிறேன். வரல. பத்து நிமிஷமா வண்டி குரோம்பேட்டையிலயே குத்தவச்சு உக்காந்திருக்கு. அப்புறம் மெல்ல நகருது, அப்பாடான்னு பார்த்தா வந்த வழியே தாம்பரம் பக்கமா நகருது! கொஞ்ச தூரம் போகுது, நிக்குது, மறுபடி போகுது, ஆள் ஏத்துது போல.

எவனோ ஒரு மகராசன் முந்தின வண்டியில வந்துக்கிட்டே '8.42ல இருக்கேன்'னு அமுக்கியிருக்கான். தூங்கி சானடோரியம் ஸ்டேஷனை விட்டுட்டு குரோம்பேட்டையில இறங்கியிருக்கான். டீ குடிச்சிருக்கான், பத்து நிமிஷம் ஆச்சே, வடையும் சாப்பிட்டிருப்பான். அப்புறம் ஷேர் ஆட்டோ புடிச்சு திரும்பிப் போறான். ஜிஎஸ்டி ரோடு தண்டவாளத்தை ஒட்டியே ஓடுதா, அவன் போன் போற பக்கமெல்லாம் வண்டி போகுதுன்னு நினைக்கிற ஆப்புக்கு ஆட்டோ எது ட்ரெயின் எதுன்னு தெரியல. இதான் என் கணிப்பு, இல்லன்னா ட்ரெயினே வடை சாப்பிடப் போயிருக்கணும்.

இதுல திடீர்னு ஒரு அலர்ட். 'சிக்னல் கோளாறு, வண்டி ரத்து.' போட்டவர் பேருக்குப் பக்கத்துல தங்க பேட்ஜ் வேற. ரெண்டே நிமிஷத்துல 63 பேர் 'உறுதி'ன்னு அமுக்கிட்டாங்க. யாரு அந்த 63 பேரு? என் பக்கத்துல நின்னு அதே மேப்பை முறைச்சுக்கிட்டு இருந்த ஜனம்தான்! எவனும் சிக்னலையும் பார்க்கல, ஒரு மண்ணையும் பார்க்கல. நானும்தான் அமுக்கினேன், அது வேற விஷயம்.

மொத்தக் கூட்டமும் பஸ் புடிக்க ஓடுது, நானும் ஓடுறேன், நடைமேம்பாலத்துல பாதி ஏறியிருப்பேன், கீழ 8.42 ஜம்முன்னு வந்து நிக்குது. 13 நிமிஷம் லேட்டு, அவ்ளோதான். உள்ள ஜன்னல் சீட்டு காலி. காலை நேரத்துல ஜன்னல் சீட்டு! தாம்பரத்துலயும் படிச்சுட்டு இறங்கி ஓடியிருக்காங்க, பாவிங்க. நான் படியில நின்னு பார்க்கப் பார்க்க அது கிளம்பிப் போச்சு.

அலர்ட் போட்டா பாயிண்ட்டு, அதை எடுத்தா ஒண்ணும் கிடையாது, அப்புறம் எவன் எடுப்பான்? கடற்கரை - சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட்ல நிறுத்தினாங்க, ஏழு மாசம்னு சொல்லி 2024 அக்டோபர்லதான் மறுபடி விட்டாங்க. ஆப்ல இன்னும் 'சேவை இல்லை'ன்னு தொங்குது.

கடைசியில ஷேர் ஆட்டோவுல நாலு பேருக்கு நடுவுல நசுங்கி உக்காந்திருக்கேன், போன் அதிருது. 'நீங்க வண்டியில இருக்கீங்களா?'ன்னு கேக்குது. வண்டியிலதானே இருக்கேன்? அமுக்கினேன் 'ஆமா'ன்னு. அஞ்சு பாயிண்ட் வந்துச்சு. இப்ப மீனம்பாக்கம் சிக்னல்ல நிக்கிறேன், கிண்டி பிளாட்பாரத்துல எவனோ நான் எப்ப வருவேன்னு பையை முன்னாடி மாட்டிக்கிட்டு நிக்கிறான், சிரிப்பு தாங்கல.

இந்த ஆட்டோக்கார அண்ணன் நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லன்னு இப்பவே ஆரம்பிச்சுட்டாரு. காலங்காத்தால சில்லறை இல்லாம எதுக்குய்யா வண்டி எடுக்குறீங்க?