மருத்துவமனைக் காற்றை யார் சோதிக்கிறார்கள்?

மருத்துவமனைத் தூய்மை என்றதும் பளபளக்கும் தரையையும் கிருமிநாசினி வாடையையும் காட்டும் நிர்வாகங்கள், நோயாளிகள் நாள் முழுதும் சுவாசிக்கும் காற்றைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

பல இடங்களில் காற்றுச் சோதனை அறுவை அரங்கோடு முடிந்துவிடுகிறது. கிருமிகள் வளர ஏற்ற அகார் என்னும் கூழை ஊற்றிய பெட்ரி தட்டைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 1 மணி நேரம் திறந்து வைத்துப் பிறகு இன்குபேட்டரில் வைத்தால், ஓரிரு நாளில் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள் முளைக்கும். அவற்றில் பல, மனிதத் தோலிலிருந்து உதிர்ந்த செதில்களோடு வந்த பாக்டீரியாக்கள். படுக்கை விரிப்பை உதறி மாற்றும்போது காற்றில் இவை பல மடங்கு கூடுகின்றன. ஆனால் தானாக விழுவதை மட்டுமே அந்தத் தட்டு பிடிக்கும். காசநோய்க் கிருமியைச் சுமந்து மணிக்கணக்கில் மிதக்கும் நுண்துகள்கள் அதில் எளிதில் சிக்குவதில்லை. சிக்கினாலும் அக்கிருமி சாதாரண அகாரில் வளராது. ஆகவே, புள்ளியில்லாத தட்டைக் காட்டி நற்சான்று வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1950களின் இறுதியில், அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வாளர் ரிச்சர்ட் ரைலி குழுவினர் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப் பன்றிகளின் கூண்டுகளுக்குச் செலுத்தினர். எந்த நோயாளியின் அருகிலும் செல்லாத அந்த விலங்குகளுக்குக் காசநோய் தொற்றியது. இத்தனை காலத்துக்குப் பிறகும், இன்னும் நோய் கண்டறியப்படாமல் இருமுகிறவரும் எதிர்ப்பாற்றல் குன்றியவரும் தோள் உரசி அமரும் புறநோயாளிக் கூடத்தில் ஸ்பிளிட் ஏசியை மாட்டி, சன்னல்களை அடைத்துவிடுகிறோம். அது உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. (நறுமணத் தெளிப்பான் வேறு!)

பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்தபோது காற்று மணிக்குச் சராசரியாக 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட பழைய கட்டடங்களே இதில் முந்தின.

எல்லா இடத்திலும் சன்னலைத் திறந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவருக்கு, கட்டட வேலையின் தூசியோடு வரும் 2, 3 மைக்ரான் அளவு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்தே உயிருக்கு ஆபத்தாகலாம். அங்கே நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும், வெளிக்காற்று நுழையாதபடி கூடுதல் அழுத்தமும் தேவை. காசநோய் அறைக்கோ இதற்கு நேர்மாறாகக் குறைந்த அழுத்தம் வேண்டும்.

காத்திருப்புக் கூடத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. நாம் வெளிவிடும் மூச்சுக்காற்று எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் கரியமில வாயு அளவி ஒன்றைச் சுவரில் மாட்டி, அது காட்டும் எண் அங்கே அமர்ந்திருப்பவர்களின் கண்ணில் படும்படி வைத்தால், எப்போது சன்னலைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்பதை அவர்களே தெரிந்துகொள்வார்கள்.